பழைய அம்பாசடரில் துருவா? குத்திப் பார்த்து முடிவெடுங்கள்

அம்பாசடர் காருக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் எலும்புக்கூடு. மட்கார்டிலோ கதவிலோ துரு என்றால் அஞ்ச வேண்டாம், கழற்றி மாற்றிவிடலாம். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, தரை, பின்பக்க லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம் ஆகியவற்றை ஸ்குரூடிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள்; உள்ளே இறங்கினால் அந்தத் தகடு அரித்துவிட்டது. புதுப் பெயின்ட் பளபளப்பில் மயங்காதீர்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் இருப்பது பெரும்பாலும் ஓட்டையை மூடப் பூசிய பட்டிதான் (putty). ஜாக்கியில் தூக்கும்போது கதவு இறுகினால் பாடி வளைகிறது என்று பொருள்.

பெட்டித் தகடு ஒரு பக்கம் மட்டும் அரித்திருந்தால் வெட்டிப் புதுத் தகடு வைக்கலாம். இரு பக்கமும், ஸ்பிரிங் பிடிமானமும் சேர்ந்து போயிருந்தால், என் கணக்கில் அது உதிரிபாகங்களுக்கு மட்டுமே உதவும் வண்டி. பாடி வளையாமலிருக்கக் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் முட்டுக் கொடுக்காமல் வெல்டர் வெட்டத் தொடங்கினால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.