பழைய பெட்டி மானிட்டரை வீட்டிலேயே சரிபார்ப்பது எப்படி?

வடசென்னையில் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் ஏதாவது ஒரு லேத் பட்டறையில் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து மென்பொருளோடு, பிக்சர் டியூப் வைத்த பெட்டி மானிட்டர் (சி.ஆர்.டி) ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பழைய கேம் ஆடுகிறவர்களும் அதைத்தான் தேடுகிறார்கள். பழுது என்று கடைக்குத் தூக்கிப் போனால் "இதை எல்லாம் இப்ப யாருங்க பார்க்கிறாங்க, எல்.சி.டி வாங்கிடுங்க" என்ற பதில்தான் வரும். ஆனால் கடலை ஒட்டிய நம் ஏரியாவில் இந்தப் பெட்டிகள் படுத்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் காரணம் செத்த பார்ட்ஸ் அல்ல. உப்புக்காற்று, தூசி, சால்டரிங் ஜாயிண்ட்டில் விட்டுப்போன ஈயம், இந்த மூன்றும்தான். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றும் சால்டரிங் அயர்னும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

திறப்பதற்கு முன்

முதலில் முன்பக்க விளக்கைப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் பச்சை என்றால் சிக்னல் வருகிறது, ஆரஞ்சு என்றால் சிக்னல் இல்லாமல் தூங்குகிறது. ஆரஞ்சாக இருந்தால் பழுது கம்ப்யூட்டரிலோ கேபிளிலோ இருக்கலாம். கேபிளைக் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் போடுங்கள். கொஞ்சம் பிந்தைய மாடல்கள் "சிக்னல் இல்லை" என்று தானாகவே ஒரு கட்டம் காட்டும். அது தெளிவாகத் தெரிந்தால் மானிட்டரைத் திறக்கவே வேண்டாம்.

படம் ஒரே நிறமாக அடிக்கிறதா? மஞ்சளாக இருந்தால் நீலம் வரவில்லை. இளநீலமாக இருந்தால் சிவப்பு வரவில்லை. கேபிளின் 15 பின் முனையில் ஏதாவது வளைந்திருக்கிறதா, பச்சைத் துரு பிடித்திருக்கிறதா பாருங்கள். ஒன்பதாவது பின் பல கேபிள்களில் இருக்காது, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மூலையில் மட்டும் நிறத் திட்டு என்றால் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரைத் தள்ளி வைத்துவிட்டு, மெனுவில் டீகாஸ் (திரையில் ஏறிய காந்தத்தை நீக்கும் வசதி) கொடுங்கள்.

கரண்டை இறக்குவது

இந்தக் கட்டத்தில் அவசரப்படாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பவர் சப்ளையின் பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். இரண்டாவது ஆளைக் கொல்லக்கூடியது. முதலாவது கையை உதறவைத்து டியூபையே கீழே போடவைக்கும்.

பின்மூடியைக் கழற்றும்போது டியூபின் மெல்லிய கழுத்தில் எதுவும் இடிக்கக்கூடாது. அது உடைந்தால் கதை முடிந்தது. டியூபின் பின்புறத்தில் மூலைக்கு மூலை ஒரு வெறும் பின்னல் கம்பி ஓடும், அதுதான் எர்த். நீளமான, பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள தட்டை ஸ்குரூடிரைவர் எடுங்கள். அதன் இரும்புத் தண்டையும் அந்தப் பின்னல் கம்பியையும் முதலை கிளிப் வைத்த ஒயரால் இணைத்துவிடுங்கள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, டியூபின் மேலே ஒட்டியிருக்கும் ரப்பர் தொப்பிக்கு அடியில் ஸ்குரூடிரைவர் நுனியை மெதுவாகச் செலுத்துங்கள். உள்ளே உலோகத்தைத் தொட்டதும் "டப்" என்று ஒரு சத்தம் வரலாம். சில மாடல்களில் அதற்கு முன்பே தானாக இறங்கியிருக்கும், சத்தமே வராது. ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை செய்யுங்கள், டியூபில் மிச்சச் சார்ஜ் மறுபடி ஏறும்.

பெரிய கண்டென்சரின் இரு கால்களிலும் 100 வாட் குண்டு பல்பின் ஒயர்களைச் சில நொடி வைத்து எடுங்கள். மல்டிமீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால்தான் போர்டில் கை வைக்கலாம்.

தூசியும் உப்பும்

மழைக்கால காலையில் போட்டதும் "ஸ்ஸ்" என்ற சத்தமும் ஒரு காட்டமான வாடையும் வருகிறதா? காசிமேடு, ராயபுரம் வீடுகளில் இது சகஜம். உயர் மின்னழுத்தம் தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும், உப்பு ஈரம் அதில் ஊறினால் கரண்ட் கசியும். ரப்பர் தொப்பியைச் சுற்றியும் டியூபின் கழுத்தில் மாட்டியிருக்கும் சின்ன போர்டிலும் பிரஷ்ஷால் தட்டி, ஐ.பி.ஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

விட்டுப்போன ஈயம்

போர்டைத் திருப்பி, டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். நல்ல ஜாயிண்ட் வழவழப்பாக, பின்னோடு ஏறி நிற்கும். விட்டுப்போன ஜாயிண்ட்டில் பின்னைச் சுற்றி மோதிரம் மாட்டியது போல மயிரிழை வட்டம் தெரியும். எங்கெல்லாம் தேட வேண்டும் என்றால், டியூபுக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் இ.எச்.டி டிரான்ஸ்பார்மரின் கால்கள், ஹீட்சிங்க் (சூடு தணிக்கும் தகடு) போட்ட பார்ட்ஸ், டியூபின் கழுத்தைச் சுற்றியிருக்கும் யோக் சுருளின் பிளக், கழுத்து சாக்கெட். சூடும் கனமும் இருக்கிற இடத்தில்தான் ஈயம் விடும்.

திரையின் நடுவில் குறுக்காக ஒரே வெள்ளைக் கோடு என்றால் உடனே பிரைட்னஸைக் குறையுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தில் திரை எரிந்துவிடும். அப்புறம் படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் ஐ.சி-யின் கால்களைப் பாருங்கள், பல சமயம் அங்கேதான் வட்டம் தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஈயம் வையுங்கள். மேலே மேலே அப்பினால் மறுபடி விடும்.

ஒன்றுமே வரவில்லை என்றால்

பியூஸ் கண்ணாடி கருத்திருந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஒயர் முறுக்கிப் போடாதீர்கள். பியூஸ் நன்றாக இருந்து "டிக் டிக்" என்று மட்டும் கேட்டால் இ.எச்.டி-யை ஓட்டும் லைன் டிரான்சிஸ்டரைச் சந்தேகிக்கலாம். எழுத்துள்ள பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால், இடதுகால் பேஸ், நடுக்கால் கலெக்டர், வலதுகால் எமிட்டர். மீட்டரை டயோடு நிலையில் வைத்து கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே இரு திசையிலும் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் காட்டினால் உள்ளே இருக்கும் டயோடுதான், பிரச்சினை இல்லை. இரு திசையிலும் கத்தினால் ஷார்ட். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே கத்தும்தான், அங்கே டிரைவர் டிரான்ஸ்பார்மர் சுருள் இணைந்திருக்கிறது. இதைப் பார்த்து நல்ல டிரான்சிஸ்டரைக் கழற்றுகிறவர்கள் நிறைய. மாற்று பார்ட் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் தேடிப் பாருங்கள், அதே நம்பரை எழுதிக்கொண்டு போங்கள்.

மாற்றியபின் நேராகக் கரண்டில் போடாமல் 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்துப் போடுங்கள், எல்.இ.டி பல்பு இதற்கு உதவாது. டீகாஸ் காயில் பிளக்கைக் கழற்றி வையுங்கள். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் ஷார்ட் இன்னும் போகவில்லை.

இ.எச்.டி-யே போயிருந்தால், என் அபிப்பிராயம், விட்டுவிடுங்கள். காயலான் கடையில் உடைக்கக் கொடுக்காதீர்கள், டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மின்கழிவு எடுப்பவரிடம் முழுசாகக் கொடுங்கள்.

படம் வந்துவிட்டதா? அரை மணி நேரம் ஓடவிட்டு, திரை முழுக்கச் சின்ன எழுத்துகளை வரவழையுங்கள். மங்கலாகத் தெரிந்தால் இ.எச்.டி-யின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு திருகில் ஃபோகஸ் என்று போட்டிருப்பதை நீளமான பிளாஸ்டிக் திருப்பியால் மெதுவாகத் திருப்புங்கள். ஸ்கிரீன் என்று போட்டிருப்பதைத் தொடாதீர்கள். படத்தின் மேல் மெல்லிய சாய்ந்த கோடுகள் ஓடினால் மட்டும் அதை இம்மியளவு குறைக்கலாம்.