புது டயரில் கண் செய்யும் கோளாறு

பைக்குக்கு இரண்டு டயரும் புதிதாக மாட்டியதும் பலர் குனிந்து பார்ப்பது பட்டனைத்தான், அதாவது சாலையைத் தொடும் பகுதியில் இருக்கும் வெட்டுகளை. பின் டயரின் வெட்டுகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்க, முன் டயரில் அவை எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். உடனே "முன்னாடி தலைகீழா மாட்டிட்டாங்க" என்று தகராறு ஆரம்பிக்கும். கழற்றித் திருப்பி மாட்டச் சொல்பவர்களும் உண்டு. பெரிய தவறு அதுதான்.

பின் சக்கரம் வண்டியைத் தள்ளுகிறது. முன் சக்கரம் பெரும்பாலும் பிரேக்கின் பாரத்தைத் தாங்குகிறது. சாலை டயரை இழுக்கும் திசை இரண்டிலும் நேர்எதிர். பல டயர்களில் மேல் ரப்பர் பட்டையின் இரு முனைகளும் சாய்வாக வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். இழுவை தவறான பக்கமிருந்து வந்தால் அந்த ஒட்டு நாளடைவில் விட்டுப்போகலாம். ஆகவே வெட்டின் அழகை விடுங்கள், டயரின் பக்கவாட்டில் இருக்கும் அம்புக்குறியைப் பாருங்கள்.

அதைப் பார்ப்பதிலும் ஒரு குழப்பம் வரும். சக்கரத்தின் உச்சியில் இருக்கும்போது அம்பு ஹெட்லைட் பக்கம் காட்ட வேண்டும். அதே அம்பு தரையருகே வந்து நின்றால் பின்பக்கம் காட்டும், பயப்பட ஒன்றுமில்லை. சில டயர்களில் முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று என எதிரெதிரே இரண்டு அம்புகள் இருக்கும். பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மாட்டினால் போதும். அம்பே இல்லையென்றால் எப்படி மாட்டினாலும் சரி.

அடுத்தது, கடை வாசலிலேயே வண்டியைச் சாய்த்துப் பார்க்கும் ஆசை. புது ரப்பரின் மேல்தோல் வழவழவென்று இருக்கும், பிடிப்பு குறைவு. முதல் 150 கிலோமீட்டர் வரை திடீர் பிரேக், ஆக்சிலேட்டர் முறுக்கல், அதிகச் சாய்வு வேண்டாம். ஈரச் சாலையில் இன்னும் நிதானம். சீக்கிரம் பழக்குகிறேன் என்று உப்புத்தாளால் தேய்ப்பது, பெட்ரோலால் துடைப்பது எல்லாம் வேண்டாத வேலை. பளபளப்புக்கான ஸ்ப்ரேயைப் பட்டன் மேல் அடிப்பது அதைவிட ஆபத்து.

"வண்டி தானாக வளைவில் விழுகிறது" என்று டயரைக் குறை சொல்வதும் அவசரம்தான். பழைய டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கும், புதியது உருண்டையாக இருக்கும். வண்டி சுலபமாகச் சாயத்தான் செய்யும். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் வித்தியாசம் இன்னும் தெரியும். ஓரிரு நாள் ஓட்டியும் ஆட்டம் குறையவில்லையென்றால் முதலில் காற்றழுத்தத்தை டயர் சூடாகும் முன் அளந்து பாருங்கள். அப்புறம் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் உள்ளே அமுங்கியிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை.