பெயரில்லாத பழைய ஸ்டீல் சைக்கிள் பிரேம்: செய்தது யார் என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஸ்டிக்கர் உரிந்திருக்கும், முன்பக்க பேட்ஜ் காணாமல் போயிருக்கும், போதாக்குறைக்கு யாரோ மேலே புது பெயின்ட் அடித்திருப்பார்கள். அப்படி ஒரு பழைய ஸ்டீல் பிரேம் கைக்கு வந்தால் எடுத்த எடுப்பிலேயே பெயரைத் தேடாதீர்கள். முதலில் எந்த நாடு, அடுத்து எந்தக் காலம், கடைசியில்தான் எந்தப் பட்டறை. இந்த வரிசையில் போனால், பெயர் கிடைக்காவிட்டாலும் பிரேமைப் பற்றிப் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

தேவையானவை: வெர்னியர் காலிப்பர், மரை கேஜ், டார்ச், பழைய டூத் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், மெல்லிய தாள், பென்சில்.

படி 1: கழுவுங்கள், சுரண்டாதீர்கள்

சோப்புத் தண்ணீரே போதும். கிரீஸ் இறுகிய இடத்தில் மட்டும் மண்ணெண்ணெய். உப்புத்தாளும் பெயின்ட் ரிமூவரும் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். ஸ்டிக்கர் போன பிறகும் அது ஒட்டியிருந்த இடத்தில் பெயின்ட் வெயிலில் வெளுக்காமல் எழுத்து வடிவில் நிற்பதுண்டு. அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் குழாயோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் அந்த விளிம்பு கண்ணில் படும். ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள குட்டைக் குழாயான ஹெட் ட்யூபில் பேட்ஜ் ஆணி அடித்த துளைகள் இருந்தால், அவை மேலும் கீழுமாக இருக்கின்றனவா, பக்கவாட்டிலா, இடைவெளி எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனி பேட்ஜை நம் பிரேமோடு ஒப்பிட அதுதான் கைகொடுக்கும்.

படி 2: எண்

கிராங்க் சுழலும் உருளையான பி.பி. (பாட்டம் பிராக்கெட்) ஷெல்லின் அடிப்பக்கம், சீட்டைத் தாங்கும் குழாயான சீட் ட்யூபின் மேல்முனை, பின்சக்கர அச்சு உட்காரும் தகடு, ஹெட் ட்யூப்: இந்த நான்கு இடங்களையும் பாருங்கள். எழுத்து மங்கலாக இருந்தால் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். கண்ணுக்குத் தெரியாத இலக்கம்கூட தாளில் எழும்பும்.

எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வர முடியாது. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண் முறை என்று ஒன்று இருந்ததே இல்லை. 54, 56 போலத் தனியாக நிற்கும் இரண்டு இலக்கம் பெரும்பாலும் பிரேமின் அளவுதான். ஆனால் எண்ணின் இடமும் வடிவமும் பேசும். அமெரிக்கக் கம்பெனியான ஷ்வின் 1970 முதல் எண்ணை ஹெட் ட்யூபில் பதித்தது. ஜப்பானின் மியாட்டாவில் முதல் எழுத்தே ஆண்டைச் சொல்லும். ஏ என்றால் 1972.

படி 3: பி.பி. மரை

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரம், பிரேக், கிராங்க் எல்லாம் மாறியிருக்கலாம். ஷெல்லில் வெட்டிய மரை லேசில் மாறாது.

ஷெல்லின் இரண்டு பக்கமும் திருகியிருக்கும் கப் இரண்டையும் கழற்றுங்கள். வலப்பக்கக் கப் கடிகாரச் சுற்றில் கழன்றால் அது இடது மரை. ஷெல்லின் அகலம் 68 மி.மீ., கப்பின் வெளிவிட்டம் ஏறக்குறைய 34.8 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை, வலப்பக்கம் இடது மரை என்றால் பிரிட்டிஷ் அளவு. ஜப்பானும் தைவானும் இதையே பின்பற்றியதால் இதை வைத்து மட்டும் இங்கிலாந்து என்று சொல்லிவிடாதீர்கள். 70 மி.மீ. அகலம், 36 மி.மீ. கப், இரண்டு பக்கமும் வலது மரை என்றால் இத்தாலிய அளவு. 68 மி.மீ. அகலம், 35 மி.மீ. கப், மரைக்கு மரை 1 மி.மீ., இரண்டு பக்கமும் வலது மரை என்றால் பிரெஞ்சு. அதே பிரெஞ்சு அளவில் வலப்பக்கம் மட்டும் இடது மரையாக இருந்தால் சுவிஸ் அளவு. பிரான்ஸின் மோட்டோபெகானும் இதைப் பயன்படுத்தியது. அங்குலத்துக்கு 26 மரையும் 71 அல்லது 76 மி.மீ. அகலமும் இருந்தால் இங்கிலாந்தின் ராலே ஆலையின் வாசனை பலமாக அடிக்கிறது.

ஒரு எச்சரிக்கை. தேய்ந்துபோன பிரிட்டிஷ், பிரெஞ்சு ஷெல்களை மெக்கானிக்குகள் பெரிய இத்தாலிய மரையாகத் திரும்ப வெட்டுவதுண்டு. மரை இத்தாலியம், அகலம் மட்டும் 68 என்றால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

படி 4: குழாய்

சீட் ட்யூபின் வெளிவிட்டம் 28.6 மி.மீ. என்றால் அங்குல அளவுக் குழாய்; 28 என்றால் பெரும்பாலும் பிரெஞ்சு. பெயின்டின் தடிமனைக் கழித்துக் கணக்கிடுங்கள். சரியாகப் பொருந்தும் சீட் போஸ்ட் 27.2 மி.மீ. என்றால் மெல்லிய, நல்ல தரக் குழாயாக இருக்க வாய்ப்பு அதிகம். 25.4 போலக் குறைந்தால் தடித்த சுவருள்ள சாதாரணக் குழாய்.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைக் கழற்றி அதன் தண்டுக்குள் கீழிருந்து டார்ச் அடியுங்கள். உள்சுவரில் திருகுபோல் சுற்றி ஓடும் மேடுகள் தெரிந்தால் இத்தாலியக் கம்பெனியான கொலம்பஸின் குழாய் என்று நம்பலாம். குழாய் செய்தவர் வேறு, பிரேம் செய்தவர் வேறு என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

படி 5: கைவேலை

பட்டறையின் கையெழுத்து இணைப்புகளில்தான் இருக்கிறது. குழாய்கள் சேரும் இடத்தில் உறைபோல் இருக்கும் லக்கின் விளிம்பைப் பாருங்கள். ராவி மெலிதாக்கியிருக்கிறதா, வார்த்தபடியே தடிமனாக விட்டிருக்கிறார்களா? பின்பக்க மெல்லிய குழாய்கள் சீட் ட்யூபோடு சேரும் இடத்தில் முனையை எப்படி மூடியிருக்கிறார்கள்? பி.பி. ஷெல்லின் அடியில் ஏதாவது வடிவம் வெட்டியிருக்கிறதா? இத்தாலியப் பட்டறைகளில் கொல்னாகோ குளோவர் இலையையும் டி ரோசா இதயத்தையும் அங்கே வெட்டியதுண்டு. பின்குழாய்கள் வளைந்து நெளிந்திருந்தால் இங்கிலாந்தின் ஹெட்சின்ஸ் ஞாபகத்துக்கு வரவேண்டும்.

புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் ஏமாறுவது அச்சுத் தகட்டில்தான். அதில் கம்பன்யோலோ, சிம்ப்ளெக்ஸ், ஹ்யூரே, ஷிமானோ என்று பதித்திருந்தால் அது தகடு செய்தவரின் பெயர். பிரேமுக்கும் அதே பெயர் என்று எழுதிவைக்காதீர்கள்.

படி 6: காலம்

பின்சக்கர அச்சுத் தகடுகள் இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். கியர் வைத்த ரோடு சைக்கிளில் 120 மி.மீ. என்றால் 5 கியர்ப் பல்சக்கரக் காலம், 126 என்றால் 6 அல்லது 7, 130 என்றால் 1980களின் கடைசி அல்லது அதற்குப் பின். ஒன்று கவனம்: குறைந்த அகலமுள்ள பிரேமை யாராவது பின்னால் விரித்து 126 ஆக்கியிருக்கலாம். சக்கரத்தின் நடுவில் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் ஹப் இருந்தால் பலவற்றில் ஆண்டு பதிந்திருக்கும். ஆனால் சக்கரம் மாறியிருக்க வாய்ப்புள்ளதால் அது துணைச் சான்று மட்டுமே.

படி 7: எழுதிவையுங்கள்

எல்லா அளவையும் ஒரே தாளில் எழுதி, எது பிரேமிலேயே இருக்கிறது, எது கழற்றி மாட்டக்கூடிய பாகத்தில் இருக்கிறது என்று இரண்டாகப் பிரியுங்கள். முரண் வந்தால் பிரேம் சொல்வதை நம்புங்கள். மரை, குழாய், லக் மூன்றும் ஒரே பக்கம் காட்டினால் அந்த நாட்டுப் பழைய பட்டியல்களில் அதே லக்கும் அதே ஃபோர்க் தோளும் (ஃபோர்க்கின் இரு கால்களும் சேரும் இடம்) உள்ள படங்களைத் தேடி ஒப்பிடலாம். ஒரே ஆலை பல பெயர்களுக்குப் பிரேம் செய்து தந்த காலம் அது. ஷ்வின் பெயரில் விற்ற சில சைக்கிள்கள் ஜப்பானிலும் தைவானிலும் உருவானவை. அதனால் 'இத்தாலிய அளவு, 1970கள், பட்டறை தெரியவில்லை' என்பதும் நேர்மையான, முழுமையான விடைதான். மறுபடி பெயின்ட் அடிப்பதாக இருந்தால் எண் பதிந்த இடத்தில் தடிமனாக அடிக்கச் சொல்லாதீர்கள். ஊகத்தை நம்பிப் பெரிய கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டவும் வேண்டாம்; அடுத்து அந்தப் பிரேமை ஆராய்பவருக்கு அது பொய்ச் சான்றாகிவிடும்.