படகுக்கு பிரேக் கிடையாது: சின்ன மோட்டார் படகு ஓட்டப் பழகுவது எப்படி?

பைக் ஓட்டத் தெரிந்தவர்கள் படகில் ஏறியதும் ஒரு நம்பிக்கையோடு இருப்பார்கள்: ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி நின்றுவிடும். படகு நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். காற்று ஒரு பக்கம் தள்ளும், நீவாடு, அதாவது நீரோட்டம், இன்னொரு பக்கம் இழுக்கும். அதனால் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் நிறுத்துவதைத்தான் முதலில் பழக்குகிறேன்.

நான் பழகியது பழவேற்காடு ஏரியில், மீனவ அண்ணன் ஒருவரின் ஃபைபர் படகில். பின்னால் அவுட்போர்டு எஞ்சின், கைப்பிடியைத் திருகி ஓட்ட வேண்டும். இங்கே சொல்வதெல்லாம் அந்த மாதிரிப் படகுக்குத்தான். முதல் சில நாள் தெரிந்த ஆள் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

1. கரையிலேயே செய்ய வேண்டியது

லைஃப் ஜாக்கெட்டை எல்லோரும் போட்டு, பக்கிளை மாட்டிய பிறகே படகு நகர வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று இதே பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு உல்லாசமாகக் கிளம்பியவர்கள். அதனால் ஆள் கணக்கிலும் ஜாக்கெட்டிலும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பெட்ரோலை மூன்று பங்காக நினைத்துக்கொள்ளுங்கள்: போக ஒன்று, வர ஒன்று, கையிருப்பு ஒன்று. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் ஆயில் கலக்க வேண்டும். பல எஞ்சின்களுக்கு 50:1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. உங்கள் எஞ்சினின் கையேட்டில் இருப்பதே கணக்கு. துடுப்பு, நங்கூரம், கயிறு, தண்ணீர் அள்ள ஒரு வாளி, நனையாத உறையில் போன் எல்லாம் இருக்கட்டும். கடலோரக் காவல் படையின் உதவி எண் 1554. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

2. எஞ்சினைக் கிளப்புவது

டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்துவிடுங்கள். இதை மறந்தால் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு எஞ்சின் அணைந்துபோகும். எஞ்சினைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு, பெட்ரோல் குழாயில் உள்ள ரப்பர் பல்பைக் கெட்டியாகும்வரை அமுக்குங்கள். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் சோக்கை இழுங்கள். எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை மெதுவாக இழுத்து, கை தடைபடும் இடத்திலிருந்து ஒரே வெட்டாக இழுங்கள்.

எஞ்சினோடு சுருள் சுருளாக ஒரு சிவப்புக் கயிறும் இருக்கும். கிளப்பும் கயிற்றை இழுப்பதற்கு முன்பே இந்தச் சிவப்புக் கயிற்றின் ஒரு முனையை எஞ்சின் சுவிட்சிலும், இன்னொன்றை உங்கள் மணிக்கட்டிலும் மாட்டியிருக்க வேண்டும். நீங்கள் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், எஞ்சின் அணையும். அது இல்லாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே திரும்பி வரும், எஞ்சினின் அடியில் சுழலும் விசிறியோடு (புரொப்பல்லர்).

எஞ்சின் பிடித்ததும் பின்பக்கம் பாருங்கள். சின்னத் துளையிலிருந்து தண்ணீர் நூல்போலப் பீய்ச்சும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் அது. வரவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள், பிளாஸ்டிக் தாளோ பாசியோ உறிஞ்சும் வாயை அடைத்திருக்கும். பழவேற்காட்டில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இருக்காது, சேறுதான் அடைக்கும். ஓடும்போதும் அவ்வப்போது திரும்பிப் பாருங்கள்.

3. நிறுத்தப் பழகுவது

வெட்டவெளியான தண்ணீரில் ஒரு தெர்மோகோல் மிதவையைப் போடுங்கள். அதுதான் உங்கள் படகுத்துறை. காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, அதற்கு எதிராக, நடக்கும் வேகத்தில் மிதவையை நெருங்குங்கள். இரண்டு மூன்று படகு நீளம் இருக்கும்போதே நியூட்ரல். மிச்சத்தைக் காற்றே நிறுத்தித் தரும். கடைசியில் ரிவர்ஸ் கியர் ஒரு நொடி. முன்கியரிலிருந்து நேராக ரிவர்ஸுக்குத் தள்ளாதீர்கள், நியூட்ரலில் ஒரு மூச்சு விடுங்கள். பத்து தடவை செய்தால் கை பழகிவிடும்.

கைப்பிடியை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும். அணியம் (படகின் முன்பக்கம்) திரும்பும்போது பின்பக்கம் எதிர்த்திசையில் வீசும், பக்கத்தில் இருப்பதை இடிப்பது அதுதான்.

யாராவது தண்ணீரில் விழுந்தால், விழுந்த பக்கமே படகைத் திருப்புங்கள், விசிறி அவரைவிட்டு விலகும். சுற்றி வந்து, காற்றை எதிர்த்து நெருங்கி, கைக்கெட்டும் முன்பே எஞ்சினை அணைத்துவிட்டுத் தூக்குங்கள்.

4. ஓட்டம்

வேகம் கூட்டும்போது அணியம் மேலே எழும்பும், அப்புறம் தாழ்ந்து படகு தண்ணீர்மேல் சறுக்க ஆரம்பிக்கும். எழும்பி நிற்கும் அந்த நடுவேகம்தான் பெட்ரோலைக் குடிக்கும். ஒன்று மெதுவாகப் போங்கள், இல்லையா, சறுக்க ஆரம்பித்ததும் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் குறையுங்கள். ஆட்கள் எல்லோரும் பின்னால் உட்கார்ந்தால் படகு சறுக்கவே மாட்டேன் என்னும். அடிப்பகுதியில் கொட்டலசு (ஓடுள்ள சின்னக் கடல் உயிர்) ஒட்டியிருந்தாலும் இதே கதை.

எதிரே படகு வந்தால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். உங்கள் வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வரும் மோட்டார் படகுக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும். வலை போட்டிருக்கும் மிதவைகளைக் கண்டால் நன்றாகச் சுற்றிப் போங்கள். ஒரு முறை நான் குறுக்கே போய் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது. அறுத்தெடுக்க அரை மணி நேரம், ஒரு மீனவரின் ஒரு நாள் பிழைப்பும் என்னால் போனது.

முகத்துவாரத்துக்குப் புதியவர்கள் போகவே கூடாது. வற்றத்தில், அதாவது கடல் மட்டம் இறங்கும் நேரத்தில், வெளியேறும் தண்ணீரும் கடல் அலையும் மோதும் இடம் அது.

5. திரும்பி வந்ததும்

உப்புத் தண்ணீரில் ஓடிய எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, உறிஞ்சும் வாய் மூழ்கும்படி எஞ்சினை இறக்கி, நியூட்ரலில் பத்து நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். துளையில் பீய்ச்சும் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார் எங்கள் அண்ணன். உப்புக் கரிக்காமல் இருந்தால்தான் எஞ்சினை அணைப்பார்.