பழைய வாட்ச் ஆன்லைன்ல வாங்கப் போறீங்களா? மொதல்ல போட்டோ கேளுங்க, ரேட்டு அப்புறம்

பழைய வாட்ச் பைத்தியம் பிடிச்சவங்க எல்லாரும் ஒரு தடவையாவது ஏமாந்திருப்பாங்க, நானும்தான். மஞ்சள் டயல் செய்கோ 6139, அமெரிக்க விண்வெளி வீரர் வில்லியம் போக் 1973ல ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்குக் கட்டிட்டுப் போனாரே அந்த மாடல். டயல் பளிச்சுனு இருந்துச்சு, நடுராத்திரியில பார்த்துட்டு விடியறதுக்குள்ள வேற யாராவது தூக்கிடுவாங்கன்னு உடனே பணம் போட்டுட்டேன். கைக்கு வந்தப்புறம் லென்ஸ் வச்சுப் பார்த்தா முள்ளுல இருக்கற லூம் (இருட்டுல ஒளிர்ற பூச்சு) பழுப்பு, டயல்ல இருக்கறது வெள்ளை வெளேர்னு இருக்கு. ரெண்டுக்கும் ஒரே வயசுன்னா ரெண்டும் சேர்ந்துதானே பழுப்பேறணும்? யாரோ புதுசா அடிச்ச டூப்ளிகேட் டயல். விளம்பரத்துல போட்ட போட்டோவுலயே அது தெரிஞ்சுது, நான்தான் பெருசாக்கிப் பார்க்கல.

அதுலேர்ந்து ரேட்டு பேசறதுக்கு முன்னாடி போட்டோ கேட்டுடுவேன். டயல் நேரா ஒண்ணு, பின்மூடி வெளிப்பக்கம், உள்பக்கம், மூடியைத் திறந்து மெஷின், அப்புறம் பக்கவாட்டுல லக்கும் (ஸ்ட்ராப் மாட்டற கொம்பு) சாவியும் தெரியற மாதிரி ஒண்ணு. கூடவே இன்னிக்குத் தேதி எழுதின பேப்பர் பக்கத்துல இருக்கணும், வேற எவனோ போட்ட படத்தைச் சுட்டு விக்கறவங்க ஜாஸ்தி. "மூடி திறக்கத் தெரியாது"ன்னு சிலர் நிஜமாவே சொல்வாங்க, தப்பில்ல, ஆனா உள்ள என்ன இருக்குன்னு தெரியாத வாட்சுக்கு அதுக்கேத்த கம்மி ரேட்டுதான் குடுக்கணும்.

டயல்லதான் பாதி விலை இருக்கு, அதனால அங்கயே நேரம் செலவு பண்ணுங்க. திரும்ப பெயின்ட் அடிச்ச டயல்ல எழுத்து தடிமனா, ஓரம் கசங்கின மாதிரி இருக்கும், நிமிஷக் கோடு ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டை, அடியில சின்னதா இருக்க வேண்டிய எழுத்து காணாமப் போயிருக்கும். அதே மாடல் நம்பர்ல நாலஞ்சு ஒரிஜினல் படத்தைப் பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா ஒப்பிடுங்க, வேற வழியே கிடையாது. டயல் அடியில "டி சுவிஸ் மேட் டி"ன்னு இருந்தா லூம் ட்ரிட்டியம்ங்கற கதிரியக்கப் பொருள், 1960கள்லேர்ந்து 1990கள் கடைசி வரைக்கும் போட்டாங்க. அதோட அரை ஆயுசு (பாதியாக் குறையற காலம்) சுமார் 12 வருஷம்தான், அதனால 1970 வாட்ச் இருட்டுல மணிக்கணக்கா ஜொலிக்குதுன்னு விக்கறவர் பெருமையாச் சொன்னா யாரோ புதுசா லூம் வச்சிருக்காங்கன்னு அர்த்தம். அதுக்கும் முந்தின வாட்ச்ல ரேடியம் இருக்கலாம், வெளிச்சம் செத்துப் போனாலும் கதிர்வீச்சு போகாது, அதை வீட்ல வச்சுச் சுரண்டவே கூடாது.

செய்கோல ஒரு வசதி, பின்மூடியிலேயே ஜாதகம் இருக்கும். முதல் 4 நம்பர் மெஷின், அடுத்த 4 கேஸ். சீரியலோட முதல் எண் வருஷத்தோட கடைசி எண், ரெண்டாவது மாசம், அக்டோபர் நவம்பர் டிசம்பருக்கு ஓ, என், டி. எந்தப் பத்தாண்டுன்னு மாடலை வச்சுதான் கண்டுபிடிக்கணும். டயல் அடியில பொடி எழுத்துல இருக்கற நம்பரும் அதே மெஷின் நம்பர்ல தொடங்கணும். ஒருத்தர் "1965 குவார்ட்ஸ்"னு விளம்பரம் போட்டிருந்தார், பேட்டரியில ஓடற குவார்ட்ஸ் கைக்கடிகாரம் கடைக்கு வந்ததே 1969 டிசம்பர்லதான்!

மெஷின்ல ஸ்க்ரூ தலையைப் பாருங்க. காடி பிய்ஞ்சிருந்தா கண்டவன் கை வச்சிருக்கான். லக் ஓரம் கூரா இல்லாம சோப்பு மாதிரி வழவழன்னு இருந்தா பாலிஷ் போட்டுத் தேய்ச்சிருக்காங்க, போன மெட்டல் திரும்ப வராது. கண்ணாடி, ஸ்ட்ராப் மாறியிருந்தா நான் கண்டுக்கறதில்ல. குரோனோகிராஃப்னா (ஸ்டாப்வாட்ச் சேர்ந்த வாட்ச்) ஸ்டார்ட், ஸ்டாப், ரீசெட் வீடியோ கேளுங்க, ரீசெட் பண்ணினதும் முள்ளு 12ல கரெக்டா வந்து நிக்கணும். டைம்கிராஃபர் (மெஷின் ஓட்டத்தை அளக்கற கருவி) ரீடிங் கிடைச்சா ஆம்ப்ளிட்யூட் (உள்ள இருக்கற பேலன்ஸ் சக்கரம் ஆடற கோணம்) பாருங்க, முழுசா சாவி குடுத்துப் படுக்க வச்சு 200 டிகிரிக்குக் கீழன்னா சர்வீஸ் உறுதி. "சர்வீஸ் பண்ணினது"ன்னா பில்லு இருக்கான்னு கேளுங்க.

இப்ப ரேட்டு. எல்லாரும் கேக்கற விலையைப் பார்த்து மயங்காதீங்க, ஈபேல வித்து முடிஞ்சதை மட்டும் காட்டற ஃபில்டர் இருக்கு, கடைசியா அதே மாடல் அதே கண்டிஷன்ல என்ன போச்சுன்னு அதுல தெரியும். அதுலேர்ந்து சர்வீஸ் செலவு, ஷிப்பிங், வரி கழிச்சா உங்க நம்பர். அதை ஒரே தடவை, காரணத்தோட, மரியாதையா சொல்லுங்க: "வாட்ச் பிடிச்சிருக்கு, சாவி ஒரிஜினல் இல்ல, சர்வீஸும் பண்ணணும், அதனால என்னால இவ்ளோதான் முடியும்." குப்பைன்னு திட்டி பாதி விலைக்குக் கேட்டா பதிலே வராது, அவர் அப்பா கட்டின வாட்சா கூட இருக்கலாம். பணம் அனுப்பும்போது பேபால்ல நண்பர்கள், குடும்பம்னு இருக்கற வழியில அனுப்பச் சொன்னா ஒத்துக்காதீங்க, அதுல வாங்கறவருக்குப் பாதுகாப்பு கிடையாது.

ஒத்து வரலன்னா நன்றி சொல்லிட்டு விட்டுடுவேன். போன தடவை ஒரு ஓமேகாவுக்கு அப்படித்தான் சொல்லிட்டு வந்தேன், மூணு வாரம் கழிச்சு அவரே "இன்னும் வேணுமா?"ன்னு மெசேஜ் போட்டார், நான் கேட்காமலே மெஷின் போட்டோவும் சேர்த்து.