முப்பரிமாணப் படம் வரையும்போது எரர் காட்டாத தவறுகள்

புரோகிராம் ஓடாமல் நின்றுவிட்டால் கவலை இல்லை. எந்த வரியில் சிக்கல் என்று அதுவே காட்டிவிடும். முப்பரிமாணப் படம் வரைகிறவர்களுக்கு ஆபத்து, எந்த எரரும் வராமல் பளிச்சென்று வந்து நிற்கும் தப்பான படத்தால்தான். கடலூர், புதுச்சேரி பக்கம் கடற்கரை அரிப்பு, கடலடி ஆழம், நிலத்தடி நீர் என்று ப்ராஜெக்ட் எடுக்கும் மாணவர்கள் பைதானையும், அதில் படம் வரைய உதவும் மேட்பிளாட்லிப் தொகுப்பையும்தான் பெரும்பாலும் நம்பியிருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு அளவு விகிதத்தைக் கவனிக்காமல் விடுவது. தேவனாம்பட்டினம் கரையோரம் படகில் எக்கோ சவுண்டர் (ஒலி அனுப்பி ஆழம் அளக்கும் கருவி) வைத்து ஆழம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். கரைக்கு இணையாக 1500 மீட்டர், கடலுக்குள் 600 மீட்டர், ஆழம் 0 முதல் 8 மீட்டர் வரை. இதை அப்படியே கொடுத்தால் மேட்பிளாட்லிப் மூன்று அச்சுகளையும் 4:4:3 என்ற பெட்டிக்குள் அடைத்துவிடும். 600 மீட்டர் தூரத்தில் 8 மீட்டர் இறங்குவது என்றால் 1 டிகிரிக்கும் குறைவான சரிவு. படத்தில் அது ஏறக்குறைய 37 டிகிரி, ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி தெரியும். அதோடு போகவில்லை. கடலுக்குள் போகும் திசையோடு ஒப்பிட்டால் ஆழம் சுமார் 56 மடங்கு பெரிதாகியிருக்கும். கரையோரத் திசையோடு ஒப்பிட்டால் 140 மடங்கு. ஒரே படத்தில் இரண்டு அளவுகோல்! இதைப் பார்த்து "கரைக்குப் பக்கத்திலேயே கிடுகிடு பள்ளம்" என்று ரிப்போர்ட்டில் எழுதினால், படம் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறோம், கடல் சொன்னதை அல்ல.

அதற்காக உண்மை விகிதத்தில் வரைந்தாலும் சரிவராது. 1500-க்கு 8 என்பது வெறும் தட்டையாகத் தெரியும். ஆழத்தைப் பெரிதாக்கத்தான் வேண்டும், ஆனால் எத்தனை மடங்கு என்று நாமே முடிவு செய்து பெரிதாக்க வேண்டும். பெட்டியின் விகிதத்தைத் தீர்மானிக்கும் செட் பாக்ஸ் ஆஸ்பெக்ட்டுக்கு 1500, 600, 160 என்று கொடுத்தால் ஆழம் 20 மடங்கு. இரண்டு திசைக்கும் அதே 20. "ஆழம் 20 மடங்கு பெரிதாக்கப்பட்டது" என்று படத்திலேயே எழுதிவிடுங்கள். பிளாட்லி என்ற இன்னொரு தொகுப்பில் வரைகிறவர்கள் ஆஸ்பெக்ட் மோடை 'க்யூப்' என்று வைத்தாலும் இதே சிக்கல்தான் வரும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: ஜிபிஎஸ் கொடுத்த டிகிரியை இரண்டு அச்சிலும் போட்டு, மூன்றாவதில் மீட்டரைப் போடுவது. நம் பக்கத்தில் அட்சரேகையின் ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர், தீர்க்கரேகையின் ஒரு டிகிரி சுமார் 109. டிகிரியும் மீட்டரும் ஒரே பெட்டியில் இருந்தால் சரிவு, தூரம், கன அளவு எதற்கும் பொருள் இருக்காது. முதலில் யூடிஎம்முக்கு (இடத்தை மீட்டரில் குறிக்கும் வரைபட முறை) மாற்றுங்கள்; கடலூரும் புதுச்சேரியும் 44-வது வடக்கு மண்டலத்தில் வருகின்றன. மாற்றியதும் வடக்கு அச்சில் 13 லட்சத்தை ஒட்டிய எண்கள் வரும், அச்சு எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கரையில் ஒரு புள்ளியை மூலமாக வைத்து எல்லாவற்றிலிருந்தும் கழித்துவிட்டால் போதும். ஆழத்தை மைனஸாக மாற்ற மறந்தால் கடலடி மலையாக எழும்பி நிற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், புள்ளியும் பரப்பும். பரப்பை வரையும் பிளாட் சர்ஃபேஸ் கட்டளை கேட்பது நிரை-நிரல் உள்ள கட்டம். படகு எடுத்து வந்ததோ சிதறிய புள்ளிகள். எரர் வந்ததும், எண்களை வேறு வடிவில் அடுக்கும் ரீஷேப் போட்டு எப்படியோ கட்டமாக்கிவிடுகிறார்கள். படம் வரும், ஆனால் அடுத்தடுத்து இல்லாத புள்ளிகள் எல்லாம் கோத்துக்கொண்டு கசங்கிய பரப்பு ஒன்று வரும். சிதறிய புள்ளிகளுக்கு ட்ரைசர்ஃப் இருக்கிறது, அது முக்கோணங்களாகப் பின்னிக்கொள்ளும். அதிலும் ஒரு கண் வேண்டும். கடலூர் முதுநகர் பக்கம் உப்பனாற்று முகத்துவாரத்திலும் வெளிக்கடலிலும் புள்ளிகள் எடுத்திருந்தால், இரண்டுக்கும் நடுவே இருக்கும் மணல்திட்டின் மேலேயும் அது முக்கோணத்தை விரித்துவிடும். நிலம் இருக்கும் இடத்தில் ஆழம் காட்டும் படம்! நீளமான முக்கோணங்களை மாஸ்க் செய்து (வரையாமல் மறைத்து) நீக்குவது கட்டாயம்.

கட்டத்தை உருவாக்கும் மெஷ்கிரிட்டில் எக்ஸும் ஒய்யும் இடம் மாறினால், இரண்டு பக்கமும் 50 புள்ளி இருக்கும்போது எரரே வராது. சோதிக்கும்போது ஒரு பக்கம் 30, மறுபக்கம் 40 என்று வைத்தால் உடனே மாட்டிக்கொள்ளும். இன்னொரு சங்கதி: 200-க்கு 200 கட்டம் கொடுத்தாலும் பிளாட் சர்ஃபேஸ் தானாக அதிகபட்சம் 50 நிரை, 50 நிரல்தான் எடுத்துக்கொள்ளும். குறுகிய பள்ளம் ஒன்று படத்தில் காணாமலே போய்விடலாம். இந்த எண்ணிக்கைகளைக் குறிக்கும் ஆர்கவுண்ட், சிகவுண்ட் இரண்டையும் உயர்த்துங்கள்.

வடிவங்கள் வரைவது தனிக் கதை. புதுச்சேரியில் மணலைத் தேக்கிக் கடற்கரையை மீட்கக் கடலுக்கடியில் ஆப்பு வடிவத் திட்டு ஒன்று அமைத்தார்கள். அதுபோன்ற ஓர் ஆப்பை, முகம் முகமாகச் சேர்த்து வடிவம் அமைக்கும் பாலி திரீடி கலெக்ஷனில் வரைவதாக எடுத்துக்கொள்வோம். 6 முனைகள், 5 முகங்கள்: இரண்டு முக்கோணம், மூன்று நாற்கரம். நாற்கரத்தின் நான்கு முனைகளையும் ஓரத்தைச் சுற்றி வரும் வரிசையில் கொடுக்க வேண்டும். குறுக்கே தாவினால் முகம் நடுவில் முறுக்கிக்கொள்ளும். ஒரே முகமாக இருந்தாலும் பட்டியலுக்குள் பட்டியலாகத்தான் கொடுக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் படம் வெறுமையாக வந்தால் பதறாதீர்கள். பல பதிப்புகளில் கலெக்ஷனைச் சேர்க்கும்போது அச்சு எல்லைகள் தானாக விரியாது; அவற்றை நாமே கொடுக்க வேண்டும்.

அந்த ஆப்பு கடலடி மணலில் பாதி புதைந்திருப்பதாகக் காட்ட நினைத்தால், மேட்பிளாட்லிப் கைவிட்டுவிடும். அது உண்மையில் முப்பரிமாண எஞ்சின் இல்லை. ஒவ்வொரு பொருளையும் தட்டையாக்கி, ஒன்றன் பின் ஒன்றாக வரைகிறது. அதனால் ஆப்பு முழுவதும் மணலுக்கு மேலே தெரியும், அல்லது முழுவதும் மறைந்துவிடும். படத்தைச் சுழற்றினால் திடீரென்று மாறியும் போகும். நிறத்தின் ஒளிபுகும் தன்மையைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்யப் பார்ப்பது வீண் வேலை. ஒன்றையொன்று வெட்டும் பரப்புகள் என்றால் பிளாட்லிக்கோ பைவிஸ்டா என்ற முப்பரிமாணத் தொகுப்புக்கோ மாறுவதே சரி.

ஸ்கேட்டரில் (புள்ளிகளாக வரையும் படம்) தூரத்துப் புள்ளிகள் வெளிறித் தெரிவது டெப்த்ஷேட் என்ற அமைப்பால். நிறத்தில் ஆழ மதிப்பைக் காட்டும்போது அதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் வெளிறியதையும் மதிப்பு என்று வாசகர் எடுத்துக்கொள்வார். அச்சுப் பிரதியில் படத்தைச் சுழற்ற முடியாது என்பதால், ஆர்த்தோ ப்ரொஜெக்ஷனில் (தூரத்தில் இருப்பதைச் சிறிதாக்காத பார்வை) நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டிலிருந்து ஒன்று என இரண்டு படங்களையும் சாய்வுப் படத்தோடு சேர்த்துப் போடுங்கள்.