அடினோமயோசிஸ்: கருப்பையை எடுக்கச் சம்மதிக்கும் முன்

மார்த்தாண்டம் பக்கம் ஓர் அண்டி ஆபீஸில் முந்திரி உடைக்கிறார் என் மைனி (அண்ணி). வயது 36. மாதவிலக்கின் இரண்டாம் நாள் கறுப்புச் சேலைதான் உடுத்துவார். மணிக்கொரு நாப்கின், கட்டி கட்டியாக இரத்தம். "எங்கம்மாவுக்கும் இப்படித்தான்" என்றே ஆறு ஆண்டுகளை ஓட்டிவிட்டார். முதல் தவறு அது. வேலைக்குப் போகவிடாத வலி இயல்பான வலி அல்ல.

ஒருவழியாக ஒரு மருத்துவமனைக்குப் போனபோது, "கருப்பை வீங்கியிருக்கிறது, பிள்ளைகள்தான் இருக்கிறார்களே, எடுத்துவிடலாம்" என்றார்கள். அடினோமயோசிஸ் என்று நோயின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது.

கருப்பையின் உள்பக்கம் இருக்க வேண்டிய சவ்வு தசைச் சுவருக்குள் புகுந்து வளர்வதே அடினோமயோசிஸ். நார்க்கட்டிக்கு (ஃபைப்ராய்டு) பெரும்பாலும் தெளிவான விளிம்பு இருக்கும், இதற்கு இருக்காது. அதனால் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் இரண்டும் குழம்பக்கூடும். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் நன்றாகத் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. கூச்சப்பட்டுப் பிறப்புறுப்பு வழி ஸ்கேனை மறுக்காதீர்கள், பெண் மருத்துவரைக் கேளுங்கள். 'கருப்பையை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்' என்பது பழைய காலத்துப் பேச்சு.

மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டு, இரத்தத்தைச் சோதிக்காமல் இருப்பது இன்னொரு தவறு. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் இரத்தசோகை. மைனிக்கு 7.2. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதை அவர் கட்டன் சாயாவோடு (பாலில்லாத தேநீர்) விழுங்கிக்கொண்டிருந்தார்! சாயா இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது வேண்டும்.

பிறகு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினோம். இரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமிலம், டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் கருவி என்று வழிகள் இருக்கின்றன. கருவி வைத்த முதல் சில மாதங்கள் விட்டுவிட்டு இரத்தம் படும். பயந்து உடனே எடுத்துவிட வேண்டாம். பிள்ளை வேண்டுமென்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஹார்மோன் சிகிச்சை நடக்கும்போது கரு தரிப்பது கடினம்.

கருப்பையை எடுப்பதே முழுத் தீர்வு என்பது உண்மை. மற்றவை பலிக்காமல், இனிப் பிள்ளை வேண்டாம் என்று முடிவான பிறகு அதற்குப் போகலாம். ஆனால் கையெழுத்துப் போடும் முன், சினைப்பைகளையும் எடுப்பீர்களா, ஏன் என்று கேளுங்கள். இரண்டையும் எடுத்துவிட்டால், 36 வயதிலும் மறுநாளே மாதவிடாய் நின்ற உடம்பாகிவிடும்.